பல்லுடைத் திமிங்கிலங்களின் பல்வகைமையும் பாகுபாடும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
உயிரங்கிகளின் பாகுபாடு – துணைப்பாடம்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• திமிங்கிலம் மீன் அன்று என்பதைக் காரணங்காட்டி விளக்குவீர்கள்.
• பல்லுடைத் திமிங்கிலங்களின் பிரதான குடும்பங்களை இனங்காண்பீர்கள்.
• பெயரைக் கொண்டல்ல, இயல்புகளைக் கொண்டே பாகுபாடு செய்யப்படுகிறது என்பதை இலங்கை உதாரணங்களால் காட்டுவீர்கள்.

1. அறிமுகம்

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டைத் தாண்டிப் பாயும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்பு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. நம் மலையில் பெய்யும் மழைநீர் போய்ச் சேரும் அக்கடலில் திமிங்கிலங்களும் டொல்பின்களும் வாழ்கின்றன. ஆனால் இப்பாடத்தைப் படிக்கும் மாணவர் பலர் அவற்றை ஒருமுறையேனும் நேரில் கண்டிருக்கமாட்டீர்கள். "காணாத விலங்கை எவ்வாறு பாகுபடுத்துவது?" என்ற தயக்கம் எழலாம்.

இத்தயக்கம் வேண்டியதில்லை. இலங்கைக் கரையில் கிடைத்த ஒரு திமிங்கிலத்தின் சரியான இடத்தை விஞ்ஞானிகள் நிலைநாட்டியது, இறந்த உடல்களிலிருந்து எஞ்சிய எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்துதான். அவ்வரலாற்றைப் பகுதி 6 இல் காண்போம். பாகுபாட்டுக்குத் தேவையானது எந்த இயல்பை நோக்கவேண்டும் என்னும் தெளிவே. அத்தெளிவு மலையில் இருப்பவருக்கும் கரையில் இருப்பவருக்கும் ஒன்றே.

பெயர் நம்மை ஏமாற்றும் என்பதற்கு உங்கள் வீட்டு வாசலிலேயே உதாரணம் உண்டு. கடையில் "பச்சைத் தேயிலை", "கறுப்புத் தேயிலை" என இரு பெயர்களில் விற்கப்படுகின்றன. இவை இரு தாவரங்களா? இல்லை. இரண்டும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே இனத்தின் கொழுந்திலிருந்து பெறப்படுபவை. தொழிற்சாலையில் பதப்படுத்தும் முறையே வேறு. பெயர் இரண்டு, இனம் ஒன்று. கடலிலோ இதற்கு மறுதலையான நிலையையும் காணலாம்: "திமிங்கிலம்" என்னும் ஒரே பெயர், ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட விலங்குகளுக்கு வழங்குகிறது.

2. திமிங்கிலம் ஏன் மீன் அன்று?

சந்தையில் விற்கப்படும் திலாப்பியா மீனொன்றை நினைவுகூர்ந்து பின்வரும் இயல்புகளை ஒப்பிடுக.

(அ) சுவாசம்: மீன் பூக்களால் (செவுள்களால்) நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைப் பெறும். திமிங்கிலம் சுவாசப்பைகளால் வளியைச் சுவாசிக்கும். அதனால் அது மேற்பரப்புக்கு வந்தே தீரவேண்டும். அதன் மூக்கு, தலையின் மேற்பகுதியில் மூச்சுத்துளையாக அமைந்துள்ளது.

(ஆ) வால்: மீனின் வாற்செட்டை நிலைக்குத்தாக அமைந்து பக்கத்துக்குப் பக்கம் அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாக அமைந்து மேலும் கீழும் அசையும்.

(இ) இனப்பெருக்கம்: திலாப்பியா முட்டையிடும். திமிங்கிலத்தின் கரு தாயின் கருப்பையில் சூல்வித்தகத்தின் மூலம் போசணை பெற்று வளர்ந்து குட்டியாகப் பிறக்கும். குட்டி தாயின் பாலை உண்ணும்.

(ஈ) உடல்வெப்பநிலை: திலாப்பியாவின் உடல்வெப்பநிலை நீரின் வெப்பநிலைக்கேற்ப மாறும். திமிங்கிலம் தன் உடல்வெப்பநிலையை மாறாது பேணும். தோலின் கீழுள்ள தடித்த கொழுப்புப் படை இதற்கு உதவுகிறது.

(உ) முன்னவயவம்: திமிங்கிலத்தின் துடுப்பினுள் மேற்கை, முன்கை, விரல் என்புகள் உள்ளன. மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியன தொழிலால் வேறுபட்டாலும் அடிப்படை அமைப்பால் ஒத்தவை.

ஆகவே திமிங்கிலம் ஒரு முலையூட்டி ஆகும். அதன் மீன் போன்ற உருவம் நீரில் நீந்துவதற்கான இசைவாக்கமே. மீன்களுடனான நெருங்கிய உறவுக்குச் சான்று அன்று. புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு கூட்டமாக்குவது செயற்கைப் பாகுபாடு. கூர்ப்பு உறவைக் காட்டும் இயல்புகளைக் கொண்டு கூட்டமாக்குவது இயற்கைப் பாகுபாடு.

3. பாகுபாட்டில் திமிங்கிலங்களின் இடம்

இராச்சியம்: அனிமாலியா
கணம்: கோடேற்றா
வகுப்பு: மமேலியா
வருணம்: சிற்றேசியா

சிற்றேசியா என்பதைத் தனி வருணமாகக் கொள்வது நீண்டகால வழக்கம். டீ.என்.ஏ. சான்றுகளும் உயிர்ச்சுவட்டுச் சான்றுகளும் திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய வாழும் உறவினர் நீர்யானை என்பதைக் காட்டியுள்ளன. அதனால் இன்றைய ஆய்வாளர் பலர், மாடு, மான், நீர்யானை போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகள் அடங்கும் வருணத்தினுள்ளேயே திமிங்கிலங்களையும் சேர்க்கின்றனர். பாக்கிஸ்தானில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் பழைமையான பாக்கிசீற்றசு என்னும் உயிர்ச்சுவடு நான்கு கால்களையுடைய ஒரு தொல்திமிங்கிலத்தினுடையது.

வாழும் சிற்றேசியாக்கள் ஏறத்தாழ 90 இனங்கள். அவை இரு பெரும் பிரிவுகளில் அடங்கும்.

(i) பலீன் திமிங்கிலங்கள் (மிஸ்ரிசெற்றி): வளர்ந்த நிலையில் பற்கள் இல்லை. மேற்றாடையிலிருந்து தொங்கும் பலீன் தகடுகள் சல்லடை போலத் தொழிற்பட்டு நீரிலுள்ள சிறு விலங்குகளை வடித்தெடுக்கும். மூச்சுத்துளைகள் இரண்டு. உதாரணம்: நீலத் திமிங்கிலம்.

(ii) பல்லுடைத் திமிங்கிலங்கள் (ஓடொன்ரொசெற்றி): பற்கள் உண்டு. மீன், கணவாய் முதலியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து உண்ணும். மூச்சுத்துளை ஒன்று. எதிரொலியால் இடமறியும் ஆற்றல் உண்டு. சிற்றேசியாக்களுள் பெரும்பாலானவை, அதாவது 70க்கு மேற்பட்ட இனங்கள், இப்பிரிவைச் சேர்ந்தவை. எல்லா டொல்பின்களும் இதில் அடங்கும்.

4. பல்லுடைத் திமிங்கிலங்களின் குடும்பங்கள்

(அ) எண்ணெய்த் திமிங்கிலக் குடும்பம் (பைசெற்றரிடே)
வாழும் இனம் ஒன்றே: பைசெற்றர் மக்ரோசெபாலஸ். பல்லுடைத் திமிங்கிலங்களுள் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 16 மீற்றர் நீளமானது. பெண் ஏறத்தாழ 11 மீற்றர். தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொன்று. தலையினுள் எண்ணெயும் மெழுகும் போன்ற பொருள் நிறைந்த உறுப்பு உண்டு. வெளித்தெரியும் பற்கள் கீழ்த்தாடையிலேயே உள்ளன. 1000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு மூழ்கிக் கணவாய்களை வேட்டையாடும். கற்பிட்டி, திருகோணமலைக் கடல்களில் இவை காணப்படுகின்றன.

(ஆ) குள்ள எண்ணெய்த் திமிங்கிலக் குடும்பம் (கோகிடே)
இரு இனங்கள் மாத்திரம் உண்டு. உடல் 4 மீற்றருக்குக் குறைவான நீளமுடையது.

(இ) அலகுத் திமிங்கிலக் குடும்பம் (சிபிடே)
அலகு போல நீண்ட வாய்முனை உடையவை. 20க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆழ்கடலில் வாழ்வதாலும் மேற்பரப்பில் குறுகிய நேரமே தங்குவதாலும் இவற்றைப் பற்றி அறியப்பட்டவை குறைவு. இவற்றுள் கூவியரின் அலகுத் திமிங்கிலம் ஒன்று 3 மணித்தியாலம் 42 நிமிடம் மூழ்கியிருந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பாலான இனங்களில் ஆணின் கீழ்த்தாடையில் மட்டுமே ஓரிரு சோடிப் பற்கள் வெளித்தெரியும். பெண்ணில் பற்கள் முரசுக்குள்ளேயே மறைந்திருக்கும். எனவே "பல் வெளியே தெரியவில்லை, ஆகவே இது பல்லுடைத் திமிங்கிலம் அன்று" என முடிவு செய்வது தவறு.

(ஈ) கடல் டொல்பின் குடும்பம் (டெல்பினிடே)
மிகப் பெரிய குடும்பம். 30க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. கற்பிட்டிக் கடலில் கூட்டங்கூட்டமாகத் துள்ளிச் சுழலும் சுழல் டொல்பின் இதில் அடங்கும். பைலட் திமிங்கிலமும் கொலைத் திமிங்கிலமும் (ஓர்க்கா) இக்குடும்பத்தனவே.

(உ) கடற்பன்றிக் குடும்பம் (பொசீனிடே)
சிறிய உடலும் அலகற்ற முகமும் உடையவை. பற்கள் கூம்பு வடிவமன்றி மண்வெட்டி போலத் தட்டையானவை.

(ஊ) நார்வால் குடும்பம் (மொனொடொன்ரிடே)
நார்வால், பெலூகா ஆகிய இரண்டும் வட துருவத்தை அண்டிய குளிர்க் கடல்களில் வாழ்பவை. ஆண் நார்வாலின் "கொம்பு" உண்மையில் நீண்டு வளர்ந்த ஒரு பல் ஆகும்.

(எ) ஆற்று டொல்பின்கள்
இவை ஒரே குடும்பம் அல்ல. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கங்கை டொல்பின் பிளற்றனிஸ்ரிடே குடும்பத்தது. கலங்கிய நீரில் வாழும் இதன் கண்கள் மிகவும் குன்றியவை. இந்தியா 2009 இல் இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. கங்கை டொல்பினும் சிந்து டொல்பினும் ஒரே இனத்தின் உப இனங்களாகக் கருதப்பட்டு வந்தன. 2021 இல் வெளியான ஆய்வு அவற்றை இரு இனங்களாகப் பிரித்தது. சீனாவின் யாங்சி ஆற்று டொல்பின் 2006 இல் நடத்தப்பட்ட தேடலில் ஒன்றேனும் காணப்படவில்லை.

5. ஒலியால் "பார்த்தல்"

அந்திப்பொழுதில் தேயிலை மலைக்கு மேலாகப் பறந்து பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களைக் கண்டிருப்பீர்கள். இருளிலும் அவை மரத்தில் மோதுவதில்லை. அவை எழுப்பும் கழியொலி பொருள்களில் பட்டுத் தெறித்து வரும்போது, அவ்வெதிரொலியைக் கேட்டு இடமறிகின்றன. சூரிய ஒளி எட்டாத ஆழ்கடலில் பல்லுடைத் திமிங்கிலங்கள் செய்வதும் இதுவே.

திமிங்கிலத்தின் மூக்குப் பாதையில் ஒலி உண்டாகிறது. நெற்றியிலுள்ள "மெலன்" என்னும் கொழுப்பு உறுப்பு அவ்வொலியை முன்னோக்கிக் குவிக்கிறது. திரும்பிவரும் எதிரொலி கீழ்த்தாடையிலுள்ள கொழுப்பின் வழியே உட்செவியை அடைகிறது. மனிதன் கேட்கும் மீடிறன் வீச்சு 20 முதல் 20 000 ஹேட்ஸ் வரையாகும். டொல்பின்கள் 100 000 ஹேட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்களையும் பயன்படுத்துகின்றன.

வௌவாலும் டொல்பினும் இவ்வாற்றலைத் தனித்தனியே பெற்றவை. ஆகவே இவ்வியல்பு மட்டும் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே வருணத்தில் சேர்க்க முடியாது. இது பரீட்சையில் மாணவர் தவறவிடும் இடம்.

உதாரணக் கணக்கு: டொல்பின் ஒன்று எழுப்பிய ஒலி மீன்கூட்டத்தில் தெறித்து 0.2 செக்கனில் திரும்பி வந்தது. கடல்நீரில் ஒலியின் கதி செக்கனுக்கு 1500 மீற்றர் எனின், மீன்கூட்டம் எவ்வளவு தூரத்தில் உள்ளது?

ஒலி சென்ற மொத்தத் தூரம் = 1500 × 0.2 = 300 மீற்றர்
மீன்கூட்டத்துக்கான தூரம் = 300 ÷ 2 = 150 மீற்றர்

ஒலி போய்த் திரும்புவதால் இரண்டால் வகுக்க மறவாதீர்கள்.

6. இரத்மலானைத் திமிங்கிலத்தின் வரலாறு

1963 ஜனவரி மாதம், கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானைக் கரையில் பெண் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. நீளம் ஏறத்தாழ 4.5 மீற்றர். கொழும்பு தேசிய நூதனசாலையுடன் நீண்டகாலம் தொடர்புடைய விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல அதனை ஆராய்ந்தார். அலகுத் திமிங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை விவரிக்கப்படாத இனம் இது என அவர் முடிவு செய்தார். அதற்கு மெசொப்லொடன் ஹொட்டவுலா எனப் பெயரிட்டார். "மெசொப்லொடன்" என்பது சாதிப்பெயர். "ஹொட்டவுலா" என்பது அலகையும் கூர்மையையும் குறிக்கும் சிங்களச் சொற்களிலிருந்து அமைந்த இனப்பெயர்.

ஆனால் 1965 இல் வேறு ஆய்வாளர்கள் இதனை ஏற்கவில்லை. 1958 இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட மெசொப்லொடன் ஜிங்கொடென்ஸ் என்னும் இனமும் இதுவும் ஒன்றே என்றனர். ஒரே இனத்துக்கு இரு பெயர்கள் இருப்பின் முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பது விஞ்ஞானப் பெயரீட்டு விதி. அதன்படி தெரணியகல இட்ட பெயர் வழக்கொழிந்தது. அவர் 1976 இல் காலமானார்.

பெயர் போயிற்று, எலும்புகள் இருந்தன. இந்து சமுத்திரத்திலும் பசுபிக் சமுத்திரத்திலும் வெவ்வேறு தீவுகளில் கிடைத்த இத்தகைய திமிங்கிலங்களின் எச்சங்கள் பின்னர் ஒப்பிடப்பட்டன. இலங்கை, மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாத்தி முதலிய இடங்களிலிருந்து மொத்தம் ஏழு மாதிரிகள் கிடைத்தன. அவற்றின் டீ.என்.ஏ.யும் மண்டையோட்டு, பல் இயல்புகளும் ஜிங்கொடென்ஸ் இனத்திலிருந்து தெளிவாக வேறுபட்டன. இம்முடிவு 2014 இல் வெளியானது. 1963 இல் இரத்மலானையில் செய்யப்பட்ட முடிவே சரி என 51 ஆண்டுகளின் பின் நிலைநாட்டப்பட்டது. இன்று அவ்வினம் தெரணியகலவின் அலகுத் திமிங்கிலம் என அழைக்கப்படுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டியவை:
• பாகுபாடு முடிந்துபோன பட்டியல் அன்று. புதிய சான்று வரும்போது அது திருத்தப்படும்.
• கூடியவர் சொன்னதாலோ பிந்திச் சொன்னதாலோ ஒரு முடிவு சரியாகிவிடாது. சான்றே தீர்ப்பளிக்கும்.
• மாதிரிகளைப் பேணி வைப்பது பயனுடையது. 1963 இல் எவரும் எண்ணியிராத முறையால் பின்னொருநாள் அவை ஆராயப்படலாம்.

7. பாணந்துறைக் கரையில் பெயரும் உண்மையும்

2020 நவம்பர் 2 ஆம் திகதி, பாணந்துறைக் கரையில் ஏறத்தாழ 100 "திமிங்கிலங்கள்" ஒதுங்கின. இவை குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்கள். பெயர் திமிங்கிலம், குடும்பமோ டெல்பினிடே. அதாவது இவை பெரிய டொல்பின்கள். கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் ஊர்மக்களும் இரவு முழுவதும் முயன்று பெரும்பாலானவற்றை மறுநாள் காலைக்குள் ஆழ்நீருக்குத் தள்ளிவிட்டனர். சில இறந்தன.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில், தமிழ்நாட்டின் மணப்பாடு அருகே 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியிலும் அதே கரையோரத்தில் ஏறத்தாழ 80 ஒதுங்கின; அவற்றுள் 40க்கு மேற்பட்டவை இறந்தன. பைலட் திமிங்கிலங்கள் நெருங்கிய கூட்டமாக வாழ்பவை. ஒன்று கரைக்கு அண்மையில் சிக்கினால் ஏனையவை அதனை விட்டு விலகாமையும் இவ்வாறு பெருந்தொகையாக ஒதுங்க ஒரு காரணமாகிறது.

இத்தகைய வேளையில் பாகுபாட்டு அறிவு ஓர் உயிரைக் காக்கும். "மீன்தானே, நீர் ஊற்றினால் போதும்" என எண்ணுபவர் மூச்சுத்துளைக்குள்ளும் நீரை ஊற்றக்கூடும். "முலையூட்டி" என அறிந்தவர், தோலை ஈரமாக வைத்து, மூச்சுத்துளையை நீரோ மணலோ புகாமல் காப்பார். உடலின் வெப்பம் மிகாதபடி நிழல் அமைப்பார். வகுப்பு எதுவென்று தெரிந்தால் அதன் சுவாசமும் உடல்வெப்பநிலையும் எப்படிப்பட்டவை என்பதும் தெரியும். கடல்வாழ் முலையூட்டிகள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் அறிந்துகொள்க.

8. இணைக்கவர்ச் சுட்டி

பின்வரும் ஆறு விலங்குகளையும் இச்சுட்டியால் வேறுபடுத்தலாம்: திமிங்கிலச் சுறா, கடற்பசு (ஆவுளியா), நீலத் திமிங்கிலம், எண்ணெய்த் திமிங்கிலம், சுழல் டொல்பின், பைலட் திமிங்கிலம்.

1. (அ) பூக்களால் சுவாசிக்கும் – திமிங்கிலச் சுறா
   (ஆ) சுவாசப்பைகளால் சுவாசிக்கும் – 2க்குச் செல்க
2. (அ) பிரதான உணவு கடற்புல் – கடற்பசு
   (ஆ) விலங்குணவை உண்ணும் – 3க்குச் செல்க
3. (அ) மூச்சுத்துளை இரண்டு, பலீன் தகடு உண்டு – நீலத் திமிங்கிலம்
   (ஆ) மூச்சுத்துளை ஒன்று, பலீன் தகடு இல்லை – 4க்குச் செல்க
4. (அ) வெளித்தெரியும் பற்கள் கீழ்த்தாடையில் மட்டும் – எண்ணெய்த் திமிங்கிலம்
   (ஆ) இரு தாடைகளிலும் பற்கள் வெளித்தெரியும் – 5க்குச் செல்க
5. (அ) வாய்முனை அலகு போல நீண்டு ஒடுங்கியது – சுழல் டொல்பின்
   (ஆ) தலை உருண்டது, நீண்ட அலகு இல்லை – பைலட் திமிங்கிலம்

குறிப்பு: சுட்டியில் "பெரியது / சிறியது" போன்ற தெளிவற்ற சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். குட்டித் திமிங்கிலமும் சிறியதே.

9. மாதிரி வினாக்கள்

1. "திமிங்கிலம்" என்னும் பெயர் இருந்தும் முலையூட்டியல்லாத விலங்கு எது? காரணம் தருக.
2. பைலட் திமிங்கிலத்தைச் சுழல் டொல்பினுடன் ஒரே குடும்பத்தில் சேர்ப்பர். நீலத் திமிங்கிலத்துடன் சேர்ப்பதில்லை. நீலத் திமிங்கிலத்துடன் சேர்க்காமைக்கு இரு காரணங்கள் தருக.
3. எண்ணெய்த் திமிங்கிலம் எழுப்பிய ஒலி 0.5 செக்கனில் எதிரொலித்து வந்தது. இரையின் தூரம் யாது? (கடல்நீரில் ஒலியின் கதி செக்கனுக்கு 1500 மீற்றர்)
4. வௌவாலும் டொல்பினும் எதிரொலியால் இடமறிகின்றன. இதனைக் கொண்டு அவற்றை ஒரே வருணத்தில் வைக்க முடியுமா? விளக்குக.
5. இரத்மலானைத் திமிங்கிலத்தின் பெயர் 2014 இல் மீண்டும் ஏற்கப்பட்டதற்குத் துணைநின்ற இரு வகைச் சான்றுகள் எவை?

விடைகள்

1. திமிங்கிலச் சுறா. பூக்களால் சுவாசிப்பதாலும் பாற்சுரப்பிகள் இல்லாமையாலும் அது மீன் ஆகும்.
2. பைலட் திமிங்கிலத்துக்குப் பற்கள் உண்டு, பலீன் தகடு இல்லை. மூச்சுத்துளை ஒன்றே உண்டு. நீலத் திமிங்கிலத்துக்குப் பலீன் தகடும் இரு மூச்சுத்துளைகளும் உண்டு. (எதிரொலியால் இடமறிதலையும் காரணமாகக் கூறலாம்.)
3. (1500 × 0.5) ÷ 2 = 375 மீற்றர்.
4. முடியாது. இவ்வாற்றலை இரண்டும் தனித்தனியே பெற்றன. வேறு பல இயல்புகளில் இவை வேறுபடுகின்றன. தனி ஓர் ஒற்றுமை நெருங்கிய உறவைக் காட்டாது.
5. டீ.என்.ஏ. சான்று, மண்டையோடு, பல் ஆகியவற்றின் உருவவியற் சான்று.

நினைவிற் கொள்க

வினாத்தாளில் அறியாத விலங்கொன்றின் பெயர் வந்தால் பெயரைக் கண்டு மலைக்காதீர்கள்; பெயரைக் கொண்டு விடையெழுதவும் வேண்டாம். அது எவ்வாறு சுவாசிக்கிறது, எவ்வாறு குட்டியைப் பேணுகிறது, அதன் பல்லும் என்பும் எவ்வாறு அமைந்துள்ளன என்று தரப்பட்ட இயல்புகளை ஒவ்வொன்றாக நோக்குக. ஒரு கரையில் கிடந்த உடலிலிருந்து தெரணியகல தம் முடிவை எட்டியதும் அவ்வழியிலேயே.